கையை அசைக்காதே என்றார்கள்

வலது தோளில் வலி வந்ததும் எல்லாரும் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கையை அசைக்காதே. மருந்துக்கடைக்காரர் சொன்னார். எலும்பு டாக்டர் சொன்னார். தங்கை சொன்னாள். தங்கை வீட்டுக்குப் பால் பாக்கெட் போடுகிறவர்கூட வாசலில் நின்று சொன்னார். நானும் அசைக்கவில்லை. கெட்டது அங்கேதான்.

நான் எட்டாவது வரை படித்தவன். மருத்துவம் தெரியாது. என் தோளைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும், அதுவும் தாமதமாகத் தெரிந்துகொண்டது. தோள் வலிக்கிற யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் பட்டதில் பாதியாவது குறையட்டும்.

என் வேலை ஃபால்ஸ் சீலிங் போடுவது. அலுவலகங்களில் நிமிர்ந்து பார்த்தால் வெள்ளையாக, வழவழவென்று ஒரு கூரை தெரியும். அது நிஜக் கூரை இல்லை. மேலே காங்கிரீட் இருக்கும், அதிலிருந்து கம்பி இறக்கி, தகரச் சட்டம் கட்டி, அதில் ஜிப்சம் பலகையை அடித்திருப்போம். அந்தக் கம்பிக்கு ஓட்டை போட வேண்டும். ஏணியில் நின்று, டிரில் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணில் தூசி விழ விழ, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலை. சூரத், பூனா, கோவா, பெங்களூர் என்று எங்கே கட்டடம் எழும்புகிறதோ அங்கே போவேன். கட்டடத்திலேயே படுக்கை. சூரத்தில் மஞ்சள் காமாலை வந்தபோது பலகை அடுக்குக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்து எழுந்தேன். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வேலையில் எல்லாரும் அப்படித்தான் படுத்து எழுகிறார்கள்.

தோள் வலி பல மாதமாகவே இருந்தது. தைலம் தேய்த்தேன், மாத்திரை போட்டேன், வேலை செய்தேன். ஹைதராபாத்தில், உப்பலில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மெஷினைத் தூக்கினேன். கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. இடக்கையால் வலக்கையை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். தோளுக்குள் யாரோ திருப்புளியைவிட்டுத் திருகியது போல இருந்தது. மெஷின் நழுவி ஏணிப்படியில் அடித்துக் கீழே விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

மேஸ்திரி யாதய்யா ஓடிவந்து முதலில் மெஷினை எடுத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஹாத் ஊபர் கயா தோ ஆவ். நை கயா தோ நக்கோ ஆவ்" என்றார். கை மேலே போனால் வா, போகவில்லை என்றால் வராதே. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மொத்தக் கதையில் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மெட்டுகுடாவில் தங்கை கலாவின் வீடு. ரயில்வே குவார்ட்டர்ஸ். அவள் புருஷன் தனசேகர் ரயில்வேயில்தான் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்த குடும்பங்கள் எங்களுடையவை. இத்தனை காலம் ஆகியும் கலா வாயைத் திறந்தால் குடியாத்தம் பஸ்ஸில் இருப்பது போல இருக்கும். அவள் மகள் ஸ்வேதாவுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஹிந்தியில் வரும், இல்லாவிட்டால் தெலுங்கில் வரும்.

மாப்பிள்ளை என்னை ஒரு தனியார் எலும்பு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். கூடம் முழுக்கக் கட்டுப் போட்ட கைகளும் கால்களும். சுவரில் டிவி, அதில் சிரிக்கிற கிழவர் ஒருவர் மூட்டு மாற்றிக்கொண்டு டென்னிஸ் ஆடினார். திரும்பத் திரும்ப ஆடினார். எங்களை உள்ளே கூப்பிடுவதற்குள் அந்தக் கிழவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

டாக்டர் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்த படத்தை விளக்கில் காட்டி, என் முகத்தைப் பார்க்காமல், "கிழிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை என் தோளுக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என்ன கிழிந்தது என்று பல வாரம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தோள் மூட்டில் கையெலும்பின் உருண்டைத் தலை ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அது நழுவாமல் சுற்றிலும் நான்கு சிறிய தசைகள் பிடித்துக்கொள்கின்றன. அவை எலும்பில் போய் ஒட்டுகிற நார்தான் என்னுடையதில் ஓர் ஓரத்தில் நைந்திருந்தது. முழுக்க அறுந்து போகவில்லை. நாற்பது, ஐம்பது தாண்டிய நிறையப் பேருக்குத் தோளில் இப்படி நைந்திருக்குமாம், வலியே இல்லாமல் நடமாடுவார்களாம். இதைச் சொல்ல டாக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தக் கிழவர் ஒரு பந்து அடிக்கிற நேரம். சொல்லவில்லை. "கிழிஞ்சிருக்கு" என்று கேட்ட நாளிலிருந்து நான் சட்டை மாட்டும்போதுகூட உள்ளே இன்னும் கொஞ்சம் கிழிவது போலப் பயந்தேன்.

ஊசி ஒன்று, மாத்திரைகள், கழுத்தில் மாட்டிக் கையைத் தொங்கவிடுகிற நீலப் பை ஒன்று. "ரெஸ்ட். அசைக்கக் கூடாது."

அந்த உத்தரவைக் கலா எடுத்துக்கொண்ட மாதிரி யாரும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

"இன்னாண்ணா, டம்ளர எதுக்கு நீ எடுக்கற? நான் செத்தா பூட்டேன்? குந்து!"

சோற்றைப் பிசைந்து கரண்டி போட்டுக் கொடுத்தாள். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். ராத்திரி தோளுக்கு அடியில் வைக்க என்று மாப்பிள்ளை கடைகடையாக ஏறி ஒரு தலையணை வாங்கிவந்தார். ஸ்வேதா தன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டுக் கீழே பாய் போட்டுக்கொண்டாள். நான் டிவி ரிமோட்டை எடுக்கக் கை நீட்டினால், "மாமா, நக்கோ!" என்று கத்துவாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படித் தாங்கியதில்லை. முதலில் சுகமாகத்தான் இருந்தது. ஒன்றரை மாதம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பையைக் கழற்றிப் பார்த்தால் கை மேலேயும் போகவில்லை, பின்னாலேயும் போகவில்லை. முன்பு வலித்தது. இப்போது வலியோடு பூட்டிக்கொள்ளவும் செய்திருந்தது. மேல்கைச் சதை வற்றிப்போய்த் தொங்கியது.

டாக்டர் பார்த்துவிட்டு, "எல்லா வழியும் பாத்தாச்சு. ஆபரேஷன்தான்" என்றார்.

எல்லா வழியும்! ஓர் ஊசி, ஒரு சீட்டு மாத்திரை, ஒரு நீலப் பை. இதுதான் எல்லா வழியும். அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. தலையாட்டினேன். தெரியாதவனுக்குக் கோபம் வராது, பயம்தான் வரும்.

ஒரு சாயங்காலம் சேர்த்துக்கொண்டார்கள். பின்பக்கம் நாடா கட்டுகிற பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். ஒற்றைக் கையால் எப்படிக் கட்டுவது? பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ரெட்டி என்ற பெரியவர் என்னைத் திரும்பச் சொல்லிப் படுத்தபடியே கட்டிவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். சாப்பிடக் கூடாது என்றார்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தது. எனக்குச் சாவு பயம் இல்லை. காலையில் மயக்கம் தெளியும்போது கை இருக்கும், ஆனால் ஏணிக்கு உதவாத கையாக இருக்கும் என்ற எண்ணம்தான் தூங்கவிடவில்லை. கண்ணாடி துடைக்கிற கை. பேப்பர் புரட்டுகிற கை.

காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். கையில் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"சுகர் இவ்ளோ இருக்கே, தெரியாதா?"

"யாரும் பாக்கலையே சார்."

"இதோட அறுத்தா புண் ஆறாது. குறைச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவை டாக்டர் வந்து எரிச்சலாக நின்றார். போகிற போக்கில், "அதுவரைக்கும் சும்மா பிசியோதெரபி பண்ணிட்டிருங்க" என்றார்.

அந்த 'சும்மா'வை நான் மறக்கவே மாட்டேன். என் கையைக் காப்பாற்றப்போகிற வைத்தியம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது. சர்க்கரை சரியாக இருந்திருந்தால் அறுத்திருப்பார்கள். உடம்பில் இன்னொரு நோய் இருந்ததால் தப்பித்தேன். பில்லை மாப்பிள்ளை என் கண்ணில் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறுக்காததற்கே அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

பிசியோவுக்கு அரசு மருத்துவமனைக்குப் போனேன். நீளக் கூடம். சுவரில் மர ஏணி, கயிறும் உருளையும், கூட்டமோ கூட்டம். பார்த்துக்கொள்வது சந்தியா மேடம். முப்பது வயது இருக்கும். சிரிக்க மாட்டார். தெலுங்கில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, அவர் அழுத்தும்போது எதிர்த்துத் தள்ளச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தனை நாள் பையில தொங்கவிட்டீங்க?"

"ஒன்றரை மாசம்."

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னாரு."

"முறிஞ்சிருந்தா தொங்கவிடணும். இது முறியல. வேலை இல்லாத தசை செத்துப்போகும். இதுக்கு மருந்து வேலைதான், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். செய்யும்போது வலிக்கும். தாங்குற அளவு வலி வரலாம். மறுநாள் காலையில பழைய அளவுக்கு இறங்கணும். இறங்கினா சரி, தொடரலாம். இறங்கலன்னா குறைக்கணும். நிறுத்தக் கூடாது."

"இதை ஏன் மேடம் முதல்லயே யாரும் சொல்லல?"

"என்னை ஏன் கேக்கறீங்க? சொல்லாதவங்களைக் கேளுங்க. அடுத்த ஆள்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம்தான்.

பயிற்சிகள் பார்ப்பதற்குக் கேலியாக இருக்கும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சிலந்தி மாதிரி மேலே ஏற வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, கதவுப் பிடியில் கட்டிய ரப்பர்ப் பட்டையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். சுவரைத் தள்ள வேண்டும். பட்டைக்கு நிறம் உண்டு. மஞ்சள் ரொம்ப இளக்கம். அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று இறுகிக்கொண்டே போகும். எனக்கு மஞ்சள் கொடுத்தார்கள். பாவாடை நாடாவை இழுப்பது போல இருக்கும் என்று நினைத்தேன். ஐந்தாவது இழுப்பில் வேர்த்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் கலா கூட வருவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாதே என்று. நான் உள்ளே ஒத்தடத்துக்கு உட்கார்ந்திருக்கும்போது அவள் மேடத்திடம் பேசிக்கொண்டிருப்பாள். என் தங்கை யாரிடமும் பேசுகிறவள், நான் கவனிக்கவில்லை.

கை மெல்ல மேலே போனது. காது வரை வந்தது. ஆனால் பலம் வரவில்லை. தண்ணீர்க்குடம் வேண்டாம், அரிசிப் பையைத் தூக்கினால்கூடத் தோள் நடுங்கியது. வாரங்கள் போயின, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஒரு செய்தி கொண்டுவந்தார்.

"மச்சான், காஞ்சன்பாக்ல நம்ம ஃபிரெண்டு இருக்கிற அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன் வேணுமாம். சேர், ஃபேன், தங்க ரூமு. கைக்கு வேலையே இல்ல."

கலா அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தாள். சர்க்கரை நோய்க்காரனுக்கு அரைக் கிண்ணம். நான் குடித்தேன். கைக்கு வேலையே இல்லாத வேலை. ஏணி கிடையாது, ஊர் மாற முடியாது, கேட்டைத் திறந்து மூடிக்கொண்டே மிச்ச வாழ்க்கை. அவர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பிசியோ முடியட்டும் மாப்பிள்ளை" என்றேன்.

ஒருநாள் ஸ்வேதாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் தனியாகப் போனேன். சந்தியா மேடம் என் கையைப் பிடித்து எதிர்த்துத் தள்ளச் சொன்னார்.

"இவ்ளோ பலத்துக்கு மஞ்சள் எதுக்கு? எப்பவோ சிவப்புக்குப் போயிருக்கணும்."

"நீங்கதானே மேடம் மாத்தல?"

"உங்க தங்கச்சிதான் ஒவ்வொரு தடவையும் கெஞ்சினாங்க. ராத்திரி அழறீங்க, வெளிய சொல்ல மாட்டீங்க, லேசானதே இருக்கட்டும்னு. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர்னு பாக்கறீங்கல்ல? சரின்னு விட்டுட்டேன். தப்புதான்."

கத்தரிக்காய் பேரம் பேசுவது போல என் கைக்குப் பேரம் பேசியிருக்கிறாள். இவரும் கொடுத்திருக்கிறார்! "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் கை என்ன கறிகாயா?" என்று கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் சிவப்புப் பட்டையை என்னிடம் நீட்டினார். "கத்தினதுல தோளு நல்லா விரிஞ்சுது. அப்படியே இழுங்க" என்றார். இழுத்தேன். கோபத்தில் இழுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன்.

"அந்தம்மாகிட்ட லேசா குடுன்னு நீ சொன்னியா?"

"சொன்னேன். இன்னா இப்போ?"

"என் கை அது கலா."

"உன் கைதான். மொனகறது யாரு கேக்கறது? நீ தூங்கிடற, நான் முழிச்சிகினு கீறேன்."

"வலிச்சாதான் சரியாவும்னு அவங்க சொல்லல?"

"சரியாயி?" என்றாள். "சரியாயி இன்னா பண்ணுவ? பைய தூக்கினு பூடுவ. சூரத்ல காமால வந்து கெடந்தியே, எனுக்கு எப்பத் தெரியும்? எவனோ ஒருத்தன் அப்பால ஊர்ல சொல்லி, அது சுத்தி வந்து எனுக்குத் தெரியுது. நீ செத்திருந்தாலும் அப்டித்தான் தெரிஞ்சிருக்கும். இப்பதான் ஒரு எடத்துல குந்தியிருக்க."

உள்ளேயிருந்து ஸ்வேதா, "அம்மா, மாமாகோ ஜானே தோ நா. கைக்கு ரோக்ரே?" என்றாள். போக விடேன், ஏன் தடுக்கிறாய் என்று.

"நீ மூடிகினு படி!"

கலா சொன்னதில் பொய் இல்லை. அதனால் என் கோபம் குறையவில்லை, கூடியது. டாக்டரைத் திட்டலாம், டிவி கிழவரைத் திட்டலாம். என் மேல் பாசம் வைத்தே என்னை நொண்டியாக்கப் பார்த்தவளை எப்படித் திட்டுவது? "நாளையிலேருந்து நீ வராத" என்று மட்டும் சொன்னேன். சில நாள் அவளிடமிருந்து சோறு மட்டும் வந்தது, பிசையாமல்.

தனியாகப் போய்வந்தேன். பஸ்ஸில் இடக்கையால் பிடித்துக்கொண்டேன், பிறகு வலக்கையால். சிவப்பு பச்சையானது. கலா வலிக்கிறதா என்று கேட்டால், "இல்ல" என்றேன். வலித்தது. சொன்னால் மறுபடி எங்காவது போய்க் கெஞ்சுவாள் என்று பொய் சொன்னேன். ஒரு கட்டத்தில் மேடம், "நீங்க தூக்குற மெஷினையே கொண்டுவாங்க" என்றார். யாதய்யாவிடம் கேட்டு ஒரு பழைய டிரில்லை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனால், வாசல் காவலர் உள்ளே விடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு யாராவது டிரில் கொண்டுவருவாங்களா?" என்றார். "மருந்து சார் இது" என்றேன். மேடமே வந்து கூட்டிப்போக வேண்டியிருந்தது. அந்தக் கூடத்தில் டிரில்லை மேலே தூக்கி, இறக்கி, தூக்கி நின்றேன். பக்கவாதத்துக்கு வந்திருந்த ஒருவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சர்க்கரை இறங்கியதும் அறுவை டாக்டரிடம் போனேன். தேதி குறிக்கப் பேனாவை எடுத்தார். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"பாத்தீங்களா, ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார்.

நான் கையை இறக்கிக்கொண்டு எழுந்துவந்தேன். வெளியே அந்தக் கிழவர் இன்னும் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் இந்தக் கூடத்தில் நீலப் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குத்தான் இப்போது எழுதுகிறேன்.

வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு வருத்தம். யாதய்யாவிடம் போய்க் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஏணியைக் காட்டினார்.

உப்பலிலேயே வேறு கட்டடம், ஆறாவது மாடி. இப்போது அங்கேதான் படுக்கை. முதல் வாரம் காலையில் மட்டும் மேல் வேலை, மதியத்துக்கு மேல் பலகை அறுப்பது என்று பேசிக்கொண்டோம். நாலாவது நாள் காலை ஏணி மேல் நின்று ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கலா. இடக்கையால் எடுத்தேன்.

"கை எப்டி கீது?"

'நல்லா கீது' என்று வாய் வரை வந்தது. வலக்கையில் மெஷின் கனத்தது, தோள் காந்திக்கொண்டிருந்தது.

"வலிக்குது" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. இப்போது வா என்பாள், நாளை மாப்பிள்ளையை அனுப்புவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து வலிச்சது காலைல எறங்கிச்சா?"

"எறங்கிச்சு."

"அப்பன்னா ஏணிய விட்டு எறங்காத" என்றாள். "செய்."